அண்ணி எழுதிய தேர்வு

எனக்கு நேரம் பார்க்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் அண்ணி முதன்முதலில் என் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மேலாண்மைக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு நான் இரண்டாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தேன். முதல் முறை எழுதியதில் ஒரு கல்லூரிகூட என்னை நேர்காணலுக்கு அழைக்கவில்லை. பயிற்சி மையத்தில் நாங்கள் கணக்கு சார் என்று அழைக்கும் ஆசிரியர் என் பழைய தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உனக்குத் தெரியாததுன்னு எதுவும் இல்லம்மா. நேரந்தான் உன்னைக் கவுத்துடுது. வீட்டுல யாரையாவது கடிகாரத்தோட பக்கத்துல உட்கார வெச்சுப் பழகு" என்றார்.

எங்கள் வீட்டில் அப்படி உட்காரக்கூடியவர்கள் குறைவு. அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். எங்கேயாவது யாராவது மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் இவனுக்குத்தான் போன் வரும். பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடுவான். அம்மாவை உட்கார வைத்தால் கால் மணி நேரத்தில், "போதும்டி, மூஞ்சி வாடிப்போச்சு பாரு" என்று புத்தகத்தை மூடிவிடுவாள். அண்ணன் மகள் பாப்பாவுக்கு ஏழு வயது. அவள் கையில் கடிகாரம் போனால் அது எத்தனை முறை நின்று எத்தனை முறை ஓடியது என்று யாராலும் சொல்ல முடியாது. மிச்சம் இருந்தது அண்ணிதான்.

அண்ணி ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளர். காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போனால் மூன்று மணிக்கு வீடு திரும்புவார். நாலு மணிக்குக் காய் நறுக்கும் பலகையும் கத்தியுமாக என் பக்கத்தில் உட்கார்ந்து, போனில் நாற்பது நிமிடம் வைத்துவிட்டு நறுக்க ஆரம்பிப்பார். மணி அடித்ததும் நான் பாதி எழுத்தில் இருந்தாலும் தாளை உருவிவிடுவார்.

"அண்ணி, ஒரே ஒரு நிமிஷம்!"

"நாற்பதுன்னா நாற்பது. அங்க போய் கம்ப்யூட்டர்கிட்ட கெஞ்சுவியா, வாலு?"

வாலு என்பது நான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார். அப்போது எனக்குப் பதிமூன்று வயது. பெயருக்கு ஏற்றபடிதான் இருந்தேன்.

ஒரு மாதம் இப்படி ஓடியது. ஒரு நாள் தர்க்கப் பகுதியில் ஒரு கணக்கில் வசமாக மாட்டிக்கொண்டேன். ஐந்து இயந்திரங்கள், எட்டு வேலைகள். எந்த வேலையை எந்த இயந்திரத்தில் எந்த வரிசையில் ஏற்றினால் குறைந்த நேரத்தில் முடியும் என்பது கேள்வி. இந்த வேலைக்குப் பிறகு அது வரக்கூடாது, அந்த இயந்திரத்தில் இது ஓடாது என்று ஏழெட்டு நிபந்தனைகள். கட்டம் போட்டேன், அழித்தேன், மறுபடி போட்டேன். மணி அடித்துவிட்டது. அண்ணி தாளை உருவவில்லை. கழுத்தை நீட்டிக் கேள்வியைப் படித்துக்கொண்டிருந்தார்.

"இது என்ன, எங்க காலை ஷிஃப்ட்டை அப்படியே எழுதி வெச்சிருக்கான்?"

"என்னது?"

"எங்ககிட்டயும் மெஷின் அஞ்சுதான். ஆபரேஷன் தியேட்டர் துணியோட வார்டு துணி சேரக்கூடாது. தொற்று நோய் வார்டு துணி ஓடின மெஷினை அலசாம வேற எதுவும் போடக்கூடாது. சரி, நீ ஏன் மொதல் வேலையிலிருந்து ஆரம்பிக்கற? மூணாவது மெஷினைப் பாரு. அதுல ஓடக்கூடியது ஒண்ணே ஒண்ணுதான். அதை ஏத்திட்டு மத்ததைப் பாரு."

ஏற்றினேன். அடுத்தது தானாக வந்து உட்கார்ந்தது, அதற்கடுத்ததும். கத்தியைக் கீழே வைக்காமலே அண்ணி அந்தக் கணக்கின் கீழே இருந்த மீதி மூன்று கேள்விகளுக்கும் விடை சொன்னார். பின்பக்கம் இருந்த விடைகளைத் திருப்பிப் பார்த்தேன். நாலும் சரி.

அண்ணி எழுந்து, "வெண்டைக்காய் காஞ்சுடும்" என்று அடுப்படிக்குப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து வேண்டுமென்றே அவர் கண்ணில் படும்படி அந்த மாதிரிக் கணக்குகளை மேசையில் விரித்து வைத்தேன். அவருக்கும் கை அரித்தது. முதலில் கத்தியோடு சொன்னார். பிறகு கத்தியை வைத்துவிட்டுச் சொன்னார். மூன்றாவது வாரம் என் பென்சிலைப் பிடுங்கிக்கொண்டார். அண்ணி வணிகவியல் பட்டம் வாங்கியவர், அதுவும் வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில். விகிதம், சதவீதம் எல்லாம் தூசு தட்டினால் போதும் என்ற நிலையில் இருந்தன. ஆங்கிலப் பத்திகளைப் படிப்பதுதான் அவருக்கு மலையாக இருந்தது. ஒரு பத்தியை நான் படித்து முடிக்கும்போது அவர் நாலாவது வரியில் நிற்பார்.

அப்படியே எங்களுக்குள் ஒரு பண்டமாற்று ஆரம்பித்தது. நான் அவருக்குப் பத்திகள், அவர் எனக்குக் கட்டங்கள். நான் சொல்லிக் கொடுத்ததை விட அவர் சொல்லிக் கொடுத்ததுதான் கஷ்டமாக இருந்தது. ஏனென்றால் அவர் சொன்னதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: "எதைச் செய்யணும்னு பாக்காத. எதை விடணும்னு மொதல்ல பாரு." காலையில் வண்டி வண்டியாக வரும் துணியில் இன்றைக்கு எதைத் தொடக்கூடாது என்று ஒதுக்கிவிட்டுத்தான் சலவையே ஆரம்பமாகுமாம். எனக்கோ ஒரு கேள்வியைத் தொட்டுவிட்டால் விட மனசு வராது.

விண்ணப்பம் மூட நாலு நாள் இருந்தபோது, துணிக்கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அண்ணி என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"ஏன் வாலு, அந்த ஃபாரம்ல வயசு வரம்பு ஏதாவது போட்டிருக்கானா?"

"யாருக்கு?"

"சும்மாதான் கேட்டேன். தெரிஞ்சவங்க ஒருத்தங்க இருக்காங்க. முப்பத்தி நாலு வயசு."

"வரம்பெல்லாம் இல்ல அண்ணி. அந்தத் தெரிஞ்சவங்களை உடனே போட்டோ எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த பாப்பாவின் சட்டை கீழே விழுந்தது.

விண்ணப்பத்தை அவரே நிரப்பினார். வீட்டில் சொல்ல வேண்டாம், தேர்வு முடியட்டும் என்றார். நானும் சத்தியம் செய்தேன். என் சத்தியம் அன்று சாயங்காலம் டீ வரைக்கும் தாங்கியது. அண்ணன் கோப்பையைக் கையில் வைத்தபடியே அண்ணியைப் பார்த்தான்.

"நிஜமாவா?"

"எழுதித்தான் பாப்போமேன்னு..." என்று அண்ணி இழுத்தார்.

"ரெண்டு வருஷம் ஹாஸ்டல்ல இருக்கணும், தெரியுமா?"

"கிடைச்சாத்தானே?"

அண்ணன் கோப்பையைக் கீழே வைத்தான். பிறகு, "கிடைக்கும்னு நெனச்சுத்தான் எழுதணும். கிடைக்காதுன்னு எழுதறதுக்கு எதுக்கு ஒரு நாள் லீவு போடற?" என்றான். அவனுக்கு அதற்கு மேல் பேச வராது. அம்மாதான் அண்ணியின் கையிலிருந்த டீ வடிகட்டியை வாங்கிக்கொண்டாள். "நாலுலேருந்து ஆறு மணி வரைக்கும் நீ அடுப்படிக்குள்ள வரக்கூடாது. வந்தா காலை ஒடிப்பேன்" என்றாள். மருமகளிடம் அம்மா அவ்வளவு செல்லமாகப் பேசி நான் கேட்டதில்லை.

அதன்பிறகு வீடு நிஜமாகவே பள்ளிக்கூடமானது. குளியலறைக் கதவில் ஆங்கிலச் சொற்கள். குளிர்சாதனப் பெட்டியில் சூத்திரங்கள். வேலையிடத்திலும் அண்ணி விடவில்லை. தேநீர் இடைவேளையில், சுடச்சுட வந்து இறங்கும் படுக்கை விரிப்பு மூட்டைகளின் மேல் உட்கார்ந்து ஆங்கில நாளிதழின் தலையங்கத்தை உரக்கப் படிப்பாராம். உலர்த்தும் இயந்திரங்களின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று நினைத்திருக்கிறார். ஒரு வாரம் கழித்து, துணி மடிக்கும் பெண்களில் கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்த ஒருத்தி, "அக்கா, நேத்து அந்த அணைக்கட்டு விஷயத்தைப் பாதியில விட்டுட்டீங்களே, கடைசியில கட்டினாங்களா இல்லையா?" என்று கேட்டாளாம். அதிலிருந்து அண்ணி ஆங்கிலத்தில் ஒரு முறை, எல்லாருக்கும் புரியும்படி ஒரு முறை என்று இரண்டு தடவை படித்தார். படித்ததைத் திருப்பிச் சொல்லிச் சொல்லியே அவர் வேகம் கூடியது. இந்த வித்தையைப் பயிற்சி மையத்தில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

தேர்வு நாளன்று இருவருக்கும் ஒரே மையம், ஒரே வேளை. அண்ணன் வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு, "மாட்டிக்கிட்டா பதறாம பட்டனை அமுக்குங்க, நான் வர்றேன்" என்று தன் தொழில் ஜோக்கை அடித்துவிட்டுப் போனான்.

முதல் பகுதி எனக்கு நன்றாகவே போனது. இரண்டாவதுதான் தர்க்கம். நாலு கேள்வித் தொகுப்புகள், நாலும் பார்க்கவே பயங்கரம். முதல் தொகுப்பில் பத்து நிமிடம் போராடிப் பாதியில் விட்டேன். இரண்டாவதிலும் அப்படியே. நாலாவதற்கு வந்தபோது மூன்று நிமிடம்தான் மிச்சம். அடுத்து வந்த கணக்குப் பகுதியில் ஒரே கேள்வியை இரண்டு மூன்று முறை படித்தேன். வெளியே வந்து வேலியோரமாக நின்று அழுதேன்.

அண்ணி கடைசியாக வந்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"அந்த ரெண்டாவது பகுதி எப்படிப் போச்சு அண்ணி?"

"நாலுல ரெண்டைத் தொடவே இல்ல. படிச்சுப் பாத்தேன். இது இன்னிக்குத் துவைக்கற துணி இல்லன்னு வெச்சுட்டேன்" என்றவர் என் கண்ணைப் பார்த்ததும் மேற்கொண்டு பேசவில்லை. வீடு வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

முடிவு வந்தது. எனக்கு எண்பத்தெட்டு சதமானம். அதாவது எழுதியவர்களில் நூற்றுக்கு எண்பத்தெட்டு பேரை நான் தாண்டியிருந்தேன். கேட்க நன்றாகத்தான் இருக்கும். நான் ஆசைப்பட்ட கல்லூரிகளுக்கு அது பற்றாது. அண்ணியின் பதிவெண்ணை அடித்தேன். தொண்ணூற்றேழு புள்ளி நாலு.

நான் பெரிய மனசுக்காரி என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அன்றைக்கு எனக்கு வயிறு எரிந்தது. இரண்டு வருடம் படித்தவள் நான். பயிற்சி மையத்துக்குப் போனவள் நான். நேரம் பார்க்க உட்கார்ந்தவர் அவர். "உங்களுக்கு வந்திருக்கு" என்று போனை அவர் கையில் திணித்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இரண்டு நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை. அவரும் சமாதானம் சொல்ல வரவில்லை. வந்திருந்தால் இன்னும் கோபம் வந்திருக்கும். அது அவருக்குத் தெரிந்திருந்தது.

மூன்று வாரம் கழித்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. நாங்கள் இருவரும் முதல் விருப்பமாகக் குறித்திருந்த கல்லூரியிலிருந்து. அம்மா அதை நாலு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். அண்ணி மட்டும், "நான் போகப்போறதில்ல அத்தை" என்றார்.

"ஏன்?" என்று கேட்டது நான்தான்.

"நீ ஆசைப்பட்ட இடம் அது. நீ போகாம நான் எப்படிப் போறது?"

எனக்குச் சுரீரென்று ஏறியது. "எனக்குப் பாவம் பாக்கறீங்களா? நான் தோத்தது எனக்கே தெரியும் அண்ணி. அதுக்காக நீங்களும் தோத்துட்டா எனக்குப் பெருமையா? வெளியில யாராவது கேட்டா, எங்க அண்ணி தொண்ணூத்தேழு வாங்கினாங்க, ஆனா எனக்காக வீட்டுல உக்காந்துட்டாங்கன்னு சொல்லணுமா? அந்த அசிங்கம் எனக்கு வேண்டாம்!"

பாப்பா வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணி தலை குனிந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"உனக்காகன்னு சொன்னது முழுசா நிஜம் இல்ல. எனக்குப் பயமா இருக்கு. மூணு பேர் எதிர்ல உக்காந்து இங்கிலீஷ்ல கேப்பாங்க. பதினொரு வருஷமா நான் பேசினதெல்லாம் வாஷிங் மெஷின்கிட்டதான்."

அதைக் கேட்டதும் என் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. "அவ்வளவுதானே? அதை நான் பாத்துக்கறேன்" என்றேன். அந்த இரண்டு நாள் வயிற்றெரிச்சலையும் சேர்த்து அந்த நிமிடத்தில் எங்கோ கொட்டிவிட்டேன் போல. தேடிப் பார்த்தாலும் அதன்பிறகு கிடைக்கவில்லை.

சாப்பாட்டு மேசை நேர்காணல் குழுவானது. நடுவில் நான், வலப்பக்கம் அண்ணன், இடப்பக்கம் அம்மா. அண்ணன் சட்டையைப் பேண்ட்டுக்குள் விட்டுக்கொண்டு கேள்வி கேட்பான். அம்மாவுக்கு ஆங்கிலம் அரைகுறை. முறைப்பது மட்டும் அவள் வேலை. நிஜப் பேராசிரியர்கள் யாரும் அப்படி முறைக்க மாட்டார்கள் என்று அண்ணியே பிறகு சொன்னார். முதல் நாள் அவருக்கு நாலு வாக்கியம்கூட வரவில்லை. இருபதாவது நாள் அண்ணன் கேட்ட கேள்வி தப்பு என்று ஆங்கிலத்திலேயே விளக்கம் கொடுத்தார். அம்மா முறைப்பதை மறந்து கை தட்டினாள்.

நேர்காணலுக்கு அவரோடு நான்தான் போனேன். நீளமான வராண்டா, வரிசையாக நாற்காலிகள். எல்லாரும் என் வயதுப் பிள்ளைகள். உள்ளே போன அண்ணி அரை மணி நேரம் வெளியே வரவில்லை. மற்றவர்கள் பதினைந்து நிமிடத்தில் வந்துகொண்டிருந்தார்கள். நான் நகம் கடித்து முடித்துவிட்டேன்.

உள்ளே நடந்ததைத் திரும்பி வரும் பேருந்தில் சொன்னார்.

"பட்டம் வாங்கி இவ்வளவு வருஷம் கழிச்சு எதுக்குப் படிக்க வர்றீங்கன்னு கேட்டாங்க. ஒரு நாள் நடந்ததைச் சொன்னேன். ரெண்டு மெஷின் ஒரே காலையில படுத்துடுச்சு. அன்னிக்கு ஒன்பது ஆபரேஷன். எல்லா வார்டுலயும் வழக்கமா கேக்கற அளவு துணி கேட்டு ஆள் மேல ஆள் அனுப்பறாங்க. நான் கீழ உக்காந்து யாருக்குக் குறைக்கலாம்னு கணக்குப் போடாம, மாடி மாடியா ஏறிப்போய் ஒவ்வொரு நர்ஸையும், 'இன்னிக்கு மத்தியானம் வரைக்கும் நிஜமா எவ்வளவு போதும்?'னு கேட்டேன். வழக்கமா கேக்கறதுல பாதி கூட இல்ல வாலு. மிச்சமெல்லாம் எங்க வராம போயிடுமோன்னு பயந்து வாங்கி அடுக்கறது. ஒரு ஆபரேஷனும் தள்ளிப்போகல. அதுக்கப்புறம் மெஷின் சரியானப்பவும் அந்த மாதிரியே கேட்டுட்டுத்தான் துணி அனுப்பறோம்."

"அப்புறம்?"

"இதை எங்க ஆஸ்பத்திரியில இன்னும் பெரிசா செய்யணும்னு மேல சொன்னேன். மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் இதே மாதிரிதான் நடக்குது. கேட்டுக்கிட்டாங்க, ஆனா யாரும் எடுத்து நடத்தல. அதை எடுத்து நடத்தற இடத்துல நான் உக்காரணும், அதுக்குத்தான் வந்தேன்னு சொன்னேன்."

"ஐயோ அண்ணி, அப்படியேவா?"

"அப்படியேதான். நடுவுல ஒரு அம்மா ஏதோ பெரிய வார்த்தை ஒண்ணு சொன்னாங்க. அர்த்தம் தெரியல, சொன்னீங்கன்னா பதில் சொல்றேன்னேன். அவங்க சொன்னதும், அதைத்தான் இவ்வளவு நேரம் சொல்லிட்டிருக்கேன்னுட்டேன். மூணு பேரும் சிரிச்சுட்டாங்க. சிரிச்சது நல்லதுக்கா கெட்டதுக்கான்னு தெரியல."

பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் போனிலிருந்து தலையைத் தூக்கி அண்ணியைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்து, 'எங்க அண்ணி' என்று சொல்லாமல் சொல்வது போலச் சிரித்தேன்.

இடம் கிடைத்தது. கடிதம் வந்த அன்று அண்ணன் ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் கூரை மேல் நின்றுகொண்டிருந்தானாம். போனில் விஷயத்தைக் கேட்டதும் அவன் போட்ட சத்தத்தில், எல்லாத் தளத்திலும் ஆட்கள் லிஃப்ட் அறுந்து விழுந்துவிட்டது என்று நினைத்து ஓடி வந்தார்களாம். மருத்துவமனை இரண்டு வருட விடுப்புக்குக் கையெழுத்துப் போட்டது. துணி மடிக்கும் பெண்கள் பத்துப் பேரும் சேர்ந்து, இனிமேல் தலையங்கத்தை யார் படிப்பது என்று சண்டை போட்டு, கடைசியில் தினம் ஒருத்தி என்று முறை வைத்துக்கொண்டார்கள். பாப்பாவுக்குத் தலை பின்னுவதை அண்ணன் ஒரு மாதம் கயிற்றில் பழகினான். "இரும்புக் கம்பி முறுக்கறவனுக்கு இது ஒரு வேலையா?" என்றவன், பாப்பாவின் நிஜத் தலைமுடிக்கு வந்த மூன்றாவது நாளில் அம்மாவைக் கூப்பிட்டான்.

நானா? மூன்றாவது முறையும் எழுதுவது என்று முடிவு செய்தேன். இந்த முறை, விடக் கற்றுக்கொண்டு.

கல்லூரி திறக்கும் நாளில் பெட்டிகளோடு நானும் அண்ணியும்தான் விடுதிக்குப் போனோம். பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம், அண்ணனுக்கு யாரோ ஏழாவது மாடியில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். மரங்கள் அடர்ந்த வளாகம், செங்கல் கட்டடங்கள், புதுப் பெயின்ட் வாசனை. பதிவு மேசையில் கண்ணாடி போட்ட இளம் எழுத்தர் ஒருவர் என்னைப் பார்த்துப் புன்னகை செய்து, அடையாள அட்டைக்கான கயிற்றை என் பக்கம் நீட்டினார்.

"வாழ்த்துகள். உங்க கடிதத்தைக் கொடுங்க. கூட வந்தவங்க அந்தப் பக்கம் உக்காரலாம்."

அண்ணி சங்கடத்தோடு பைக்குள் கையை விட்டார். ஒரு நொடி என் கை அந்தக் கயிற்றை நோக்கிப் போனது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அடுத்த நொடி வந்த குரல் என்னுடையதுதானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அந்தக் கூடத்தில் வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது.

"படிக்க வந்திருக்கறது இவங்க சார். எங்க அண்ணி. நான் பெட்டி தூக்க வந்தவ."

எழுத்தர் அவசரமாக எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். அண்ணி கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முடியைச் சரி செய்தார். நான் இரண்டு பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு, கூட வந்தவர்களுக்கான பக்கத்தில் போய், முதல் வரிசையிலேயே உட்கார்ந்தேன்.